அமெரிக்கன் பெட்டியின் அடிப்பக்கம்

மனிதகுலம் இதுவரை கண்டுபிடித்த கலைகளுள் தலையாயது, கதிரையைக் கவிழ்த்துப் பார்க்கும் கலையே. நெருப்பு, சில்லு, அச்சியந்திரம் என்று பிறர் வேறு பட்டியல் சொல்லக்கூடும். அவர்கள் என் மைத்துனர் இராஜதுரையைச் சந்தித்திராதவர்கள்.

இந்தக் கலை இத்தாலியில் பலேர்மோத் தமிழரிடையே 1996ஆம் ஆண்டு பங்குனி மாதம் வந்து சேர்ந்தது. கொண்டுவந்த பெருமை எங்கள் குடும்பத்துக்கே உரியது. ஆனால் பல்லரோச் சந்தையில் மீன் வாங்க நிற்பவர்கள் கூட எங்களைப் பற்றி இப்போது வேறுவிதமாகக் கதைக்கிறார்கள். ஆகவே, குடும்பத்தின் மூத்த ஆண் என்ற முறையில், நடந்ததை நடந்தபடி பதிவு செய்வது என் கடமையாகிறது.

நான் கோபாலசிங்கம். யாழ்ப்பாண அரசாங்கக் கச்சேரியில் பிரதம லிகிதராக இருந்தவன். தற்சமயம் வியா மக்வேதா என்ற தெருவிலுள்ள பழைய மாளிகையொன்றில் ‘வாயிற் பாதுகாப்பு’ என் பொறுப்பில் இருக்கிறது. பெரிய கதவின் திறப்பு என்னிடம். குப்பை வாளிகளும் என்னிடமே.

இராஜதுரை என் தங்கை ஞானம்பிகையின் கணவர். பொலிதேயாமா நாடக அரங்குக்கு அருகில் சிஞ்ஞோரா எர்சிலியா என்ற எண்பது வயது அம்மையாரின் வீட்டில் அவருக்கு உத்தியோகம். அந்த உத்தியோகத்தின் பெரும் பகுதி தரை மட்டத்தில் நடைபெறும். அங்கே ஆளுயரத்தில், இழுத்துத் திறக்கும் பத்து லாச்சிகள் வைத்த ஓர் அலுமாரி நின்றது. சிஞ்ஞோராவின் சித்தப்பா ஒருவர் அமெரிக்காவில் உழைத்துத் திரும்பியபோது கப்பலில் ஏற்றி வந்தது. அதன் வயதை அறியச் சிஞ்ஞோரா ஆசைப்பட, போஸ்டனில் இருந்த உறவினர் தடித்த ஆங்கிலப் புத்தகமொன்றை அனுப்பி வைத்தார். அமெரிக்கப் பழந்தளபாடங்களின் வயதையும் பாணியையும் கண்டறியும் முறைகள் அதில் படங்களுடன் இருந்தன.

சிஞ்ஞோராவுக்கு ஆங்கிலம் தெரியாது. இராஜதுரைக்குத் தெரியும். அன்று முதல் தினமும் காலை பத்து மணிக்கு அவர் தும்புத்தடியைச் சுவரில் சாத்திவிட்டு, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்து, இத்தாலியனில் விளக்கலானார். அவருடைய இத்தாலியனில் எழுபது சொற்கள் இருந்தன. அவற்றுள் முப்பது சவர்க்காரம் சம்பந்தப்பட்டவை. கல்வி தடைப்படவில்லை.

“மச்சான், இது பெரிய சாத்திரம்,” என்றார் என்னிடம். “அமெரிக்காவிலை ராசாவும் இல்லை, ராணியும் இல்லை. எண்டாலும் அலுமாரிக் காலுக்கு ராணியின்ரை பேர். குயின் ஆன் கால். முழங்காலிலை வளைஞ்சு, கணுக்காலிலை மெலிஞ்சு வரும்.”

“ஆன் ராணி அமெரிக்காவுக்குப் போனவவோ?”

“அவ போகேல்லை. கால் போனது.”

எதிர்த்துப் பேச இடமில்லாத விளக்கம். அவர் மேலும் சொன்னார். பொருளின் முகத்தைப் பார்த்து மயங்கக் கூடாது, கவிழ்க்க வேண்டும். உண்மை அடியில்தான் கிடக்கும். லாச்சியின் மூலையில் விரல் கோத்ததுபோன்ற பொருத்துகள் ஒன்றுக்கொன்று ஒத்திராமல் கோணலாக இருந்தால் கைவேலை, பெறுமதி கூட. எல்லாம் ஒரே அளவாக இருந்தால் மெசின் வேலை, பெறுமதி குறைவு. பலகையில் வளைவு வளைவாக வாள் தடம் இருந்தால் வட்டவாள் வந்த பிற்பாடு அறுத்தது. உருண்டைக் கம்பியாணி இருந்தால் இன்னும் பிந்தியது, ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறுக்கு இப்பால்.

இந்த ஞானம் பெற்ற மனிதர் சும்மா இருப்பாரா? எங்கள் ஊர்க்காரி சறோஜா வீட்டுப் பிறந்தநாளில் கேக் வெட்டுமுன் மேசைக்கடியில் புகுந்தார். “பிளாஸ்ரிக்!” என்று அறிவித்தபடி வெளியே வந்தார். நண்பர் பெனடிக்ற் வீட்டுக்குப் போனால் யாரும் கதிரையிலிருந்து எழும்புவதில்லை. எழும்பினால் கதிரை கவிழும். இருந்தும் நோயாளிகள் வைத்தியரைத் தேடுவதுபோல அவரைத் தேடி ஒருவரும் வரவில்லை என்பது சமூகத்தின் குறை.

எங்கள் குடும்பத்துக்கு அமெரிக்கத் தளபாடம் புதியதல்ல என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். இராஜதுரையின் பாட்டனாருக்குப் பாட்டனார் வேலாயுதப் பண்டிதர். அமெரிக்க மிசனிலிருந்து வந்த பாதிரியாருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர். அந்தப் பாதிரியார் நன்றிக்கடனாகத் தம் கையால் கொடுத்ததுதான் ‘அமெரிக்கன் பெட்டி’. ஒரு முழ நீளம், சாய்ந்த மூடி, உள்ளே கடதாசி வைக்கும் இடம். ஆண்டு 1846 என்பது குடும்ப வரலாறு. பட்டுத் துண்டில் சுற்றி, விமானத்தில் மடியில் வைத்து, பலேர்மோ வரை கொண்டுவந்தார்கள். இப்போது சாமித்தட்டில் பிள்ளையாருக்கு வலப்பக்கத்தில் இருக்கிறது. தூசு தட்டும் உரிமை இராஜதுரைக்கு மட்டும்.

அந்தப் பெட்டிக்கும் எனக்கும் ஒரு நேரடித் தொடர்பு உண்டு. 1969இல் ஞானம்பிகைக்கு இரண்டு சம்பந்தங்கள் வந்தன. ஒன்று இராஜதுரை. மற்றது, சிவபாலன் என்ற ஒரு படவரைஞர். சிவபாலனை அவளுக்கு முன்பே தெரியும் என்றும், பிடிக்கும் என்றும் ஒரு பேச்சு இருந்தது. அது விசாரணை வரம்புக்குள் வரவில்லை. எங்கள் தகப்பனாரான ஐயா இரண்டு வீட்டையும் பார்த்து எழுத்தில் அறிக்கை தரும்படி என்னைப் பணித்தார். ஒரு வீட்டில் அமெரிக்கன் பெட்டி இருந்தது. மற்ற வீட்டில் இருக்கவில்லை. ஒரே பின்னேரத்தில் முடிவு கண்டேன். கச்சேரியில்கூட அத்தனை விரைவாகக் கோப்பு நகர்ந்ததில்லை.

இராஜதுரை கலை கற்ற உற்சாகத்தில் இந்தப் பெட்டியின் புகழைத் தெருவுக்கும் கொண்டுபோனார். “எங்கடை வீட்டிலை ரோபா அமெரிக்கானா இருக்கு. பரம்பரையாய் ரோபா அமெரிக்கானாதான்,” என்று, அமெரிக்கச் சாமான் என்ற நினைப்பில், மாடிப்படியில் சந்தித்த பலேர்மோப் பெண்களிடம் இத்தாலியனில் பெருமையாகச் சொன்னார். அவர்கள் அவரை இரக்கத்துடன் பார்த்தார்கள். அடுத்த நாள் வாசலில் மூன்று பை பழைய உடுப்பு இருந்தது. இந்த ஊரில் அந்தச் சொல்லுக்குப் பிறர் உடுத்துக் கழித்த துணி என்று அர்த்தமாம். இரண்டாம் உலக யுத்தம் முடிந்த காலத்தில் அமெரிக்காவிலிருந்து பொதி பொதியாக வந்த பழக்கம். “எங்கடை மதிப்பு இவையளுக்கும் விளங்கீற்றுது, காணிக்கை வருகுது,” என்றார் இராஜதுரை. ஒரு காற்சட்டை எனக்கு அளவாக இருந்தது.

சிஞ்ஞோராவின் அலுமாரியை அவர் ‘குயின் ஆன், 1740’ என்று பிரகடனம் செய்தார். சிஞ்ஞோரா மகிழ்ந்து அவருடைய இரு கன்னத்திலும் கொஞ்சினார். அத்துடன் முடிந்திருக்கும். ஆனால் அலுமாரியின் கால் ஒன்று ஆடத் தொடங்கியது. வியா மக்வேதாவுக்குப் பின்னால் பழந்தளபாடம் திருத்தும் பட்டறையிலிருந்து ஒருவன் வந்தான். அவன்தான் மூர்கென்.

மூர்கென் மொறீசியஸ்காரன். அவன் முப்பாட்டன் கரும்பு வெட்டக் கப்பலேறிய தமிழர். வைத்த பெயர் முருகன். எந்தக் கந்தோரிலோ எவரோ எழுதியதில் மூர்கென் ஆனது. திருநீறு பூசுவான், தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பான். தமிழில் ‘அரோகரா’ தவிர வேறு சொல் வராது. இருபத்தெட்டு வயது. பன்னிரண்டு வருடமாக மரவேலை.

அவன் அலுமாரியின் மேற்பாதியைத் தூக்கி வைத்தான். கீழ்ப்பாதியைப் பார்த்தான். “மத்ரிமோனியோ,” என்றான்.

கலியாணம் என்று அர்த்தம். இராஜதுரைக்கு அதன் ஆங்கிலச் சொல் புத்தகத்திலிருந்தே பழக்கம். மேற்பாதி ஒரு அலுமாரியிலிருந்தும் கீழ்ப்பாதி வேறொன்றிலிருந்தும் வந்து ஒன்றாகப் பொருத்தப்பட்டால், வியாபாரிகள் அதைக் ‘கலியாணம்’ என்பார்கள். ‘கலியாணம்’ நடந்த பொருளுக்குப் பெறுமதி பாதி. மேற்பாதி போஸ்டன், கீழ்ப்பாதி பலேர்மோத் தச்சன் செய்தது என்றான் மூர்கென்.

“ஓம், ஓம்! கீழ்ப்பாதி துறைமுகத்தில் தொலைந்துபோயிற்று, அப்பாதான் புதிதாகச் செய்வித்தார்,” என்று சிஞ்ஞோரா கைதட்டினார். அவருக்குக் கவலையே இல்லை. லாச்சிகள் எழுபது வருடமாகச் சிக்காமல் திறபடுகின்றனவாம்.

இராஜதுரைக்குத் தன் 1740 போனது பெரும் அவமானம். அன்று இஸ்திரி போடும் நாள். தகப்பனுக்கு உதவியாக மகள் சயந்தினியும் அங்கே போயிருந்தாள். அவளுக்கு மூர்கெனின் சொல் பிடித்துப்போயிற்று. ஆறு மாதம் கழித்து அவனைத்தான் கட்டுவேன் என்று வீட்டில் அறிவித்தாள்.

குடும்பச் சபை கூடியது. வீட்டுவேலைக்காரர் எல்லாருக்கும் வியாழன் பின்னேரம் ஓய்வு என்பதால் வியாழன் மூன்று மணி. இடம், பல்லரோவுக்கு மேலே நாலாம் மாடி, இராஜதுரையின் விறாந்தை. தலைவர் இராஜதுரை. செயலாளர் நான். ஞானம்பிகை தேநீர், வாக்கில்லாத உறுப்பினர். மொழிபெயர்ப்பு சயந்தினி. பரிசீலனைக்குரிய பொருள் வெள்ளைச் சட்டையுடன், கதிரை நுனியில் அமர்ந்திருந்தது.

“முதலாவது விடயம்,” என்றார் தலைவர். “செய்த இடம்?”

“அப்பா, இது அலுமாரி இல்லை. ஆள்.”

“எல்லாத்துக்கும் ஒரே முறைதான் பிள்ளை. இவன்ரை முப்பாட்டன் எந்த ஊர்? கேள்.”

அவள் கேட்டாள். மூர்கென் யோசித்தான். சொன்னான்.

“கப்பல் எண்டுறார்.”

“கப்பல் ஒரு ஊரில்லை.”

“கடதாசியிலை கப்பலின்ரை பேர்தான் கிடக்காம் அப்பா. அதுக்கு முந்தி என்னெண்டு ஒருத்தரும் எழுதி வைக்கேல்லையாம்.”

‘ஊர்: கப்பல்’ என்று நான் எழுதிக்கொண்டேன்.

“ரெண்டாவது. பழைய பூச்சு. அது அப்பிடியே கிடந்தால்தான் பெறுமதி.” இராஜதுரை அவன் முகத்துக்கு நேரே குனிந்தார். “தமிழ் தெரியுமோ?”

“அரோகரா,” என்றான் மூர்கென், மிகுந்த பணிவோடு.

“பூச்சு முழுக்கச் சுரண்டுப்பட்டுப் போச்சு, மச்சான். எழுதுங்கோ. ஒரு துளி மட்டும் மிச்சம் கிடக்கு.” பின் நிமிர்ந்து உட்கார்ந்து தீர்ப்பை வாசித்தார். “மேல் பாதி யாழ்ப்பாணம். கீழ் பாதி கப்பல். இது புத்தகத்தின்படி சுத்தமான ‘கலியாணம்’. ‘கலியாணம்’ எண்டால் பெறுமதி குறையும். ஆனபடியால் கலியாணம் நடக்கேலாது.”

இதைவிடத் தெளிவான தர்க்கத்தை நான் நாற்பது வருட அரச சேவையில் கண்டதில்லை.

சயந்தினி அழவில்லை. “அப்ப நான் அவரோடை போறன். நீங்கள் அறிக்கையை வைச்சுக்கொண்டு இருங்கோ,” என்றாள். ஞானம்பிகை தேநீர்த் தட்டோடு அடுக்களை வாசலுக்கு வந்தாள். இருப்பது ஒரே பிள்ளை.

தலைவர் பிள்ளையாரைக் கும்பிட்டு, சாமித்தட்டிலிருந்து பெட்டியை எடுத்து, பட்டுத் துண்டை அவிழ்த்து மேசையில் வைத்தார்.

“போறதெண்டால் போ. போக முந்தி, எங்கடை அடி என்ன எண்டு இவனுக்குக் காட்டு. அதைப் பாத்தாலே தன்ரை தகுதி அவனுக்கு விளங்கும்.”

அடி என்று அவர் சொன்னது எங்கள் பரம்பரையை. யாழ்ப்பாணத்தில் எவருக்கும் விளங்கும். சயந்தினி நாலு வயதில் பலேர்மோவுக்கு வந்த பிள்ளை. அவளுக்கு அடி என்றால் சட்டியின் அடி, வாளியின் அடி. “அப்பா உங்களை இதன் அடியைப் பார்க்கச் சொல்கிறார்,” என்று இத்தாலியனில் சொன்னாள். தெரியாமல் சொன்னாளா, தெரிந்து சொன்னாளா என்பதைச் சபை விசாரிக்கவில்லை.

மூர்கென் சட்டைக் கையை மடித்தான். கும்பிட்டான். பெட்டியைக் கவிழ்த்தான்.

ஐந்து விநாடி. நூற்றைம்பது வருடமாக ஒருவரும் செய்யாத காரியம். வீட்டுக்கு வீடு கதிரை கவிழ்த்த நிபுணர்கூடச் செய்யாதது. இராஜதுரை “ஐயோ!” என்று எழும்புமுன் அவன் சட்டைப்பையிலிருந்து சிறிய ரோச் லைற்றை எடுத்து அடியில் அடித்துப் பார்த்து, நகத்தால் சுரண்டி, மணந்தும் விட்டான்.

“அமெரிக்கானோ,” என்றான். “உண்மையான அமெரிக்கானோ.”

“கேட்டியளே!” இராஜதுரையின் கண்கள் கலங்கின. “எழுதுங்கோ மச்சான்! நிபுணர் உறுதிப்படுத்தினவர் எண்டு எழுதுங்கோ!” ஒரு நிமிடத்துக்கு முன் பெறுமதி குறைந்த பொருள், இப்போது நிபுணர்.

“பீனோ,” என்று மூர்கென் தொடர்ந்தான். பைன் மரம், எங்கள் ஊரில் முளைக்காது. மூடி மட்டும் வேறு மரம், கறுத்தது, இரும்புபோல் பாரம், தனக்குப் பெயர் தெரியாது என்றான். எனக்குத் தெரிந்தது. முதிரை. வன்னிக் காட்டு முதிரை. மேற்பாதி எங்கள் தச்சன், கீழ்ப்பாதி அமெரிக்கா.

அவன் வாய்க்குள் ஒரு சொல்லைச் சொன்னான். சயந்தினி மொழிபெயர்க்கவில்லை. தேவையும் இருக்கவில்லை.

“ஆண்டைக் கேள்,” என்றார் இராஜதுரை, குரல் சற்று இறங்கி.

மூர்கென் சொல்லத் தயங்கினான். விரலால் மட்டும் காட்டினான். பலகை நெடுக வளைவு வளைவாக வாள் தடம். மூலைகளில் உருண்டைக் கம்பியாணி. இராஜதுரைக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இந்தப் பாடத்தை அவரே சிஞ்ஞோராவுக்கு மூன்று காலையாக நடத்தியவர். வேலாயுதப் பண்டிதர் சிவபதம் அடைந்தது 1858இல். கம்பியாணி வந்தது அதற்கு முப்பது வருடங்களின் பின்.

“ஏதோ எழுதிக் கிடக்கு,” என்று சயந்தினி குனிந்தாள். கரியைத் துடைக்கத் துடைக்க, அச்சுத் தகட்டால் அடித்த ஆங்கில எழுத்துகள் வந்தன. “நியூயோர்க்... ரெண்டு தகரம்... அஞ்சு கலன்... கெரசின்.” நிமிர்ந்தாள். “கெரசின் எண்டால் என்ன மாமா?”

முன்னாள் பிரதம லிகிதர் என்ற வகையில் உத்தியோகபூர்வ மொழிபெயர்ப்பு வழங்க நான் கடமைப்பட்டிருந்தேன்.

“மண்ணெண்ணெய்.”

கீழே சந்தையில் ஒருவன் வாள்மீனுக்கு விலை கூவினான்.

“பண்டிதர் கனக்க வாசிக்கிறவர்,” என்றார் இராஜதுரை கடைசியில். “விளக்குக்கு மண்ணெண்ணெய் வேணும்தானே.”

“செத்து முப்பது வரியத்துக்குப் பிறகுமோ?” என்றாள் சயந்தினி.

மூர்கென் பெட்டியை மெதுவாக நிமிர்த்தி, பட்டுத் துண்டால் துடைத்து, இத்தாலியனில் நீளமாகச் சொன்னான். நல்ல பெட்டி, வேலை செய்தவனுக்குக் கை நல்லது, மண்ணெண்ணெய்த் தகரம் வந்து எறிய வேண்டிய பெட்டிப் பலகையில் எழுதுகிற பெட்டி செய்தவன் புத்திசாலி, ஒரு மூலை பொருத்து விட்டிருக்கிறது, காசில்லாமல் ஒட்டித் தருகிறேன். இதைவிடப் பெரிய அவமதிப்பை எங்கள் குடும்பம் சந்தித்ததில்லை. அவன் எங்களை மன்னித்துவிட்டான்.

அப்போதுதான் ஞானம்பிகை தட்டை மேசையில் வைத்தாள். இருபத்தேழு வருடமாகச் சபைகளுக்குத் தேநீர் கொண்டுவந்தவள், அன்று முதல் தடவையாகத் தட்டை வைத்த பிறகும் போகவில்லை.

“அண்ணை,” என்றாள். “சிவபாலன் வீட்டையும் போய்ப் பாத்தனீங்கள்தானே. அங்கை என்ன கிடந்தது?”

“ஏன் இப்ப அந்தக் கதை?”

“சும்மாதான் கேக்கிறன்.”

“ஒண்டுமில்லை. ரெண்டு மர வாங்கு. ஒரு கதிரை.”

“கதிரையைக் கவிட்டுப் பாத்தனீங்களோ?”

பார்த்திருந்தேன். புத்தகம் வருமுன்னரே எனக்கு அந்தக் கலை தெரிந்திருந்தது என்பதை அடக்கத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். கதிரையின் அடியில் சிவபாலனின் தகப்பன் தன் பெயரையும் ஆண்டையும் உளியால் வெட்டியிருந்தார். தானே செய்த கதிரை. பொருத்துகள் ஒன்றுக்கொன்று ஒத்திராமல் கோணலாக இருந்தன. ‘கடைச் சாமான் இல்லை. கைவேலை. பொருத்துச் சரியில்லை’ என்று ஐயாவுக்கு எழுதிக் கொடுத்தேன்.

“ஓம், பாத்தனான்,” என்றேன். “தகப்பன் தன்ரை கையாலை செய்தது.”

இராஜதுரை என்னைப் பார்த்தார். பிறகு சிஞ்ஞோராவிடம் இரவல் வாங்கி மேசையில் வைத்திருந்த புத்தகத்தைப் பார்த்தார். கைவேலை, கோணல் பொருத்து, பெறுமதி கூட. அவருக்கு அந்தப் பக்கத்தின் இலக்கம்கூடத் தெரியும்.

ஞானம்பிகை மூர்கென் பக்கம் திரும்பினாள். “தம்பி, கையைக் கழுவிப்போட்டு வாரும். சோறு போடுறன்.”

“தீர்மானம் இன்னும் எடுக்கேல்லை,” என்றார் தலைவர்.

“எனக்கு வாக்கில்லையெண்டு அண்ணை எழுதியிருக்கிறார். சோறு போட வாக்குத் தேவையில்லை.”

சயந்தினி மொழிபெயர்த்தாள். மூர்கென் எழுந்து, இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பி, அவனுக்குத் தெரிந்த ஒரே தமிழைச் சொன்னான். ஞானம்பிகை சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் கடைசியாகக் கண்ட ஆண்டு எதுவென்று எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

கலியாணம் அடுத்த வருடம் ஆவணியில் நடந்தது. லாச்சிகள் சிக்காமல் திறபடுவதாக அறிகிறேன். மூலை ஒட்டப்பட்ட அமெரிக்கன் பெட்டி, அடி கீழே இருக்கும்படி, சாமித்தட்டுக்குத் திரும்பிவிட்டது. வருகிறவர்களிடம் இராஜதுரை இப்போதும் சொல்கிறார்: “உண்மையான அமெரிக்கன். எங்கடை மருமோனே, பெரிய நிபுணர், சோதிச்சுச் சொன்னவர்.” அது பொய் இல்லை. சபையின் அறிக்கையும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. ஐயாவுக்கு எழுதிய பழைய அறிக்கையின் பிரதியும் அதே உறையில் இருக்கிறது. இரண்டும் என் அழகான கையெழுத்து. கவிழ்த்துப் பார்க்கும் கலையில் எங்கள் குடும்பத்தை விஞ்ச இந்த நகரத்தில் ஆளில்லை என்பதற்கு அவையே சான்று. பெட்டியைக் கவிழ்க்க மூர்கெனுக்கு ஐந்து விநாடி போதுமாக இருந்தது. தங்கச்சியைக் கவிழ்க்க எனக்கு ஒரு பின்னேரம் எடுத்தது.